95 டிகிரி காட்டுகிறது, பயப்படலாமா? வாசகர் கேள்வி பதில்

கேமிங் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற மாதம் சொன்னதுதான் தாமதம், வந்த கேள்விகளில் முக்கால்வாசி சூட்டைப் பற்றியே. கத்திரி வெயில் நேரம், ஆச்சரியமில்லை. எனவே இந்த முறை முழுக்க அதுதான்.

வேலூர், பொறியியல் மாணவர்

புதிதாக அசெம்பிள் செய்த பிசி. ரைசன் 5 7600எக்ஸ் பிராசஸர், சாதாரண சின்ன கூலர். வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) போட்டால் சீக்கிரமே 95 டிகிரிக்குப் போய் அங்கேயே நிற்கிறது. கேம் ஆடும்போது 80ஐ ஒட்டி. ஹாஸ்டலில் எல்லோரும் "மச்சான், இது ஒரு வருஷம் தாண்டாது" என்கிறார்கள். எரிந்துவிடுமா?

எரியாது. 2022இல் அந்த 7000 வரிசையை வெளியிட்டபோதே, முழு வேலை கொடுத்தால் சிப் 95 வரை போகும், அங்கேயே நின்று வேலை பார்க்கும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம் என்று ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லிவிட்டது. பழைய பிராசஸர்கள் 'இதுதான் என் வேகம், வருகிற சூடு வரட்டும்' என்று ஓடின. இப்போது வருவது தலைகீழ்: 'சூடோ வாட்டோ ஏதாவது ஒன்று எல்லையைத் தொடும்வரை கிடைக்கிற வேகத்தையெல்லாம் எடுத்துக்கொள்' என்று ஓடுகிறது. எல்லையைத் தொட்டதும் தானே வேகத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். அதனால் 95 என்ற எண்ணைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது, அந்தச் சூட்டைக் கொடுத்து நீங்கள் என்ன வாங்குகிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஒரு சிப் இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராகக் கூடுகிறது, ஆனால் வோல்டேஜோடு இருமடிப் பெருக்கமாகக் கூடுகிறது. வேகத்தைக் கூட்டக் கூட வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். எனவே மேலே போகப் போக ஒவ்வொரு சின்ன வேகத்துக்கும் கொடுக்கும் விலை தாறுமாறாக ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேகம் 10 சதவீதம், வோல்டேஜ் 10 சதவீதம் குறைத்தால் 0.9ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், 0.73 வருகிறது. பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்தால் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சூடு போய்விடுகிறது. கம்பெனிக்காரர்கள் ரிவ்யூவில் முதலிடம் பிடிக்க அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தையும் பிழிந்துதான் விற்கிறார்கள், அதற்கான வெப்பத்தை அனுபவிப்பது நாம்.

உங்கள் சிப்பின் பெட்டியில் 105 வாட் என்று இருந்தாலும் அது உண்மையில் 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்) மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஈகோ மோட் என்று ஒன்று இருக்கும், அதில் 65 வாட்டைத் தேர்ந்தெடுத்தால் உண்மையான எல்லை 88 வாட்டுக்கு இறங்கும். ரெண்டரிங் கொஞ்சம் நீளும். கேமில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற எண்ணைத் திரையில் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், சில கேம்களில் அப்போதும் தெரியாது. எக்ஸ் இல்லாத 7600 என்று 2023 தொடக்கத்தில் வந்ததே, அது ஏறக்குறைய இதே சிப்பை 65 வாட்டில் அடக்கி, பெட்டிக்குள்ளேயே ஒரு கூலரும் போட்டு விற்றதுதான். நீங்கள் ஈகோ மோடில் போட்டால் அதைத்தான் காசு கூடக் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். சரி, போனது போகட்டும்.

இன்னொன்று. யூடியூபில் பார்க்கிற வெப்ப எண்களெல்லாம் இருபத்திச் சொச்சம் டிகிரி அறையில் எடுத்தவை. உங்கள் ஊரில் மே மாதம் ஹாஸ்டல் அறைக்குள் 38 இருந்தால், அந்த எண்களோடு அந்த வித்தியாசத்தைக் கிட்டத்தட்ட அப்படியே கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மதுரை, ஒரு தந்தை

மகன் கல்லூரியில் சேர்கிறான், கேமிங் லேப்டாப் வேண்டும் என்கிறான். இரண்டு மாடல் பார்த்தோம். இரண்டிலும் கிராஃபிக்ஸ் சிப் ஆர்டிஎக்ஸ் 4060தான், பிராசஸரும் ஒன்றுதான். ஆனால் ஒன்று ஒல்லி, இன்னொன்று செங்கல் மாதிரி. ஒல்லியாக இருப்பதற்குத்தான் விலை அதிகம். ஒரே சாமான் என்றால் ஒல்லியையே வாங்கிவிடலாமா?

ஒரே சாமான் இல்லை சார், ஒரே பெயர், அவ்வளவுதான். லேப்டாப்புக்கான 4060ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று அதைத் தயாரிக்கும் என்விடியா லேப்டாப் கம்பெனிகளுக்கு விட்டிருக்கிறது. அதற்கு மேல் பிராசஸர் சும்மா இருக்கும் நேரத்தில் 25 வாட் வரை கூடுதலாகக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஆக ஒரு லேப்டாப்பில் 60 வாட்டோடு நிற்கும் சிப்பும் இன்னொன்றில் 140 வரை போகும் சிப்பும் வெளியே ஒரே பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒல்லி உடம்புக்குள், சூட்டை வாங்கிக் காற்றில் விடும் பெரிய ஹீட்சிங்க்கும் ஃபேனும் வைக்க இடமில்லை, அதனால் வாட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

கடைக்காரரிடம் "இதில் டிஜிபி எவ்வளவு?" என்று கேளுங்கள். கிராஃபிக்ஸ் சிப்புக்கு மட்டும் ஒதுக்கிய வாட் அது. அவர் முழித்தால் கம்பெனி வெப்சைட்டில் அந்த மாடலின் முழு விவரப் பக்கத்தில் கீழே எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். 4060ஐப் பொறுத்தவரை நூறு வாட்டுக்கு மேல் போனால் கிடைக்கிற கூடுதல் வேகம் கொஞ்சம்தான், அதனால் 140க்காகத் தலைகீழாக நிற்க வேண்டாம். ஆனால் 60க்கும் 100க்கும் நடுவே நிஜமான வித்தியாசம் உண்டு.

இதற்காகச் செங்கல்லையே வாங்குங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். அது இரண்டரைக் கிலோ இருக்கும், சார்ஜர் தனியாக முக்கால் கிலோ வரலாம், பேட்டரியில் கேம் ஆட முடியாது, ஆடினாலும் வேகம் பாதியாகும், ஃபேன் சத்தத்தில் பக்கத்து அறைக்காரன் சண்டைக்கு வருவான். பையன் தினமும் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகப் போகிறானா, ஹாஸ்டல் மேஜையில் வைத்து இரவில் ஆடப் போகிறானா என்று அவனிடமே கேளுங்கள். முதலாவது என்றால் ஒல்லி சரி, ஆனால் என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இரண்டாவதைப் போட்டுவிடுங்கள், சில கேம்களில் அதுவே நல்ல வித்தியாசம் காட்டும். மெத்தை மேல் வைத்து ஆடக் கூடாது என்பதைப் பெற்றோர் அதிகாரத்தில் சொல்லிவிடுங்கள். காற்று இழுக்கும் ஓட்டை அடியில்தான் இருக்கிறது, மெத்தை அதை அடைத்துவிடும். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடி வைத்து ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் கூட ஒன்றிரண்டு டிகிரி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன், கடையில் விற்கும் நீல விளக்குக் கூலிங் பேடில் பாதி இந்த மூடி செய்கிற வேலையைத்தான் செய்கின்றன.

திருநெல்வேலி

பிசி கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே டேபிள் ஃபேன் போட்டிருக்கிறேன். நன்றாகவே குறைகிறது. நண்பன் இது தப்பு என்கிறான்.

தப்பில்லை, அசிங்கம். வேலை செய்கிறது என்றால் அதுவே ஒரு செய்தியும் கூட: உங்கள் கேபினட்டுக்குள் காற்று வரவும் போகவும் வழியில்லை. பலரும் முன்பக்கம் கண்ணாடி போட்ட, உள்ளே வண்ண விளக்கு எரியும் கேபினட்டாகப் பார்த்து வாங்குகிறோம். கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், காற்று வராது. முன்னால் சல்லடைத் தகடு இருக்கிற கேபினட், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இது போதும். இழுப்பது தள்ளுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகத் தூசி உள்ளே வராது, ஃபில்டர் வழியாகத்தான் வரும்.

டேபிள் ஃபேனின் பிரச்சினை தூசிதான். தெருப் புழுதியை நேராக ஹீட்சிங்க்கில் கொண்டுபோய் அப்புகிறீர்கள். மாதத்துக்கு ஒரு முறை ப்ளோயர் போட்டு ஊதத் தயாரென்றால் தொடருங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

சிவகாசி

தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைக்க வேண்டும்? பட்டாணியா, பெருக்கல் குறியா, முழுக்கத் தடவுவதா? டூத்பேஸ்ட் வைக்கலாம் என்கிறார்களே?

எப்படி வைத்தாலும் கூலரை இறுக்கியதும் நசுங்கிப் பரவிவிடும், இதற்காக நடக்கும் சண்டைக்கு அளவே இல்லை. இரண்டு உலோகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் சிக்கியிருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான் பேஸ்ட்டின் வேலை. தோசைக் கல்லுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாக இருந்தால் போதும், இட்லிக்குச் சட்னி வைக்கிற மாதிரி வேண்டாம். டூத்பேஸ்ட் முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும். அப்புறம் காய்ந்துபோய்ச் சுண்ணாம்பாகிவிடும். அதைப் பல்லுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, இல்லத்தரசி

எனக்கு கேம் எல்லாம் தெரியாது. மகன் அறையில் ஒரு டன் ஏசி இருக்கிறது, அவன் கம்ப்யூட்டர் போட்டால் அறை குளிரவே மாட்டேன் என்கிறது. ஏசி சர்வீஸ் செய்தாகிவிட்டது. கம்ப்யூட்டரில் கோளாறா?

கோளாறு இல்லை அம்மா, அது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் இழுக்கிற மின்சாரம் கடைசியில் அத்தனையும் சூடாகத்தான் அறைக்குள் வருகிறது. 500 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் என்றால் அறையில் 500 வாட் ஹீட்டர் ஒன்று எரிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். அதில் ஏழில் ஒரு பங்கு உங்கள் மகனின் கேமுக்கே போய்விடுகிறது, மிச்சம்தான் மொட்டை மாடிச் சூட்டுக்கும் ஜன்னல் வெயிலுக்கும்.

பில்லையும் பாருங்கள். நாளைக்கு நான்கு மணி நேரம் ஆடினால் 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 120. அரசு இலவசமாகத் தருகிற 100 யூனிட் அவனுக்கே சரியாகப் போய், மேலே 20 கடன். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி இழுப்பது தனி.

இனி இதை மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தம்பி, உன் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும்? 60 அல்லது 75 என்றால், கேம் 200 எஃப்பிஎஸ் ஓடுவதில் கண்ணுக்குக் கிடைப்பது எதுவும் இல்லை. போட்டி ஷூட்டர் ஆடுகிறவர்கள் மவுஸ் அசைவு கொஞ்சம் சீக்கிரம் தெரியும் என்பார்கள், அது உண்மைதான், ஆனால் கதை கேமுக்கு அது எதற்கு? டிரைவர் செட்டிங்கில் எஃப்பிஎஸ் எல்லை என்று இருக்கும், மானிட்டருக்கு ஏற்ற மாதிரி போடு. மெனுவில் சும்மா நிற்கும்போது கூடச் சில கேம்கள் கட்டுப்பாடில்லாமல் ஆயிரக்கணக்கில் ஃபிரேம் வரைந்துகொண்டிருக்கும். 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு என்ற கேமின் பீட்டா (சோதனைப் பதிப்பு) வந்தபோது இவிஜிஏ கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டுகள் சில செத்தே போயின. அந்தக் கார்டுகளில் சால்டரிங் சரியில்லாதிருந்தது என்று கம்பெனி பிறகு ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது, கேம்காரர்களும் மெனுவில் எஃப்பிஎஸ்ஸுக்கு எல்லை வைத்தார்கள்.

இரண்டாவது, ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு கிராஃபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்கு. கார்டு 300 வாட் என்றால் 225 ஆகும். எஃப்பிஎஸ் அதே விகிதத்தில் குறையாது, சில சதவீதம்தான் போகும், காரணம் மேலே வேலூர்க்காரருக்குச் சொன்ன அதே கணக்கு. 450 வாட் இழுக்கும் 4090 கார்டு வைத்திருப்பவர்களிலேயே பலர் அதை எழுபது சதவீதத்தில் ஓட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். உன் ஃபேன் சத்தம் குறையும், அம்மாவும் குறைசொல்ல மாட்டார்.

கோயம்புத்தூர்

ரைசன் 7 7800எக்ஸ்3டி வாங்கப் போகிறேன். கேமுக்கு மட்டும்தான். கடையில் 360 எம்எம் வாட்டர் கூலர் கட்டாயம் என்கிறார்கள்.

கட்டாயம் அவர்களுக்கு.

இந்தச் சிப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் வேகத்துக்கும் சூட்டுக்குமான பேரத்தில் எனக்குப் பிடித்த உதாரணமே இதுதான். இதன் கூடப்பிறந்த 7700எக்ஸ் 5.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், இது 5.0 தான். எண்ணில் பார்த்தால் மெதுவானது. ஆனால் 32 எம்பி கேஷுக்கு (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி) மேல் இன்னொரு 64 எம்பி கேஷை மாடி கட்டுகிற மாதிரி சிப்பின் தலையில் ஒட்டியிருக்கிறார்கள், மொத்தம் 96. கேமில் பிராசஸர் பெரும்பாலும் ரேமிலிருந்து டேட்டா வருவதற்காகக் காத்துக் கிடக்கிறது. தேவையானது பக்கத்திலேயே இருந்துவிட்டால் ஓட வேண்டிய அவசியமே குறைந்துபோகிறது. மளிகைக் கடைக்கு வேகமாக ஓடுகிறவனைவிட வீட்டிலேயே சாமான் வைத்திருப்பவன் சீக்கிரம் சமைத்துவிடுவான் இல்லையா, அப்படி.

மாடி கட்டியதில் ஒரு தொல்லை: கணக்குப் போடும் கோர்களின் சூடு அந்தக் கேஷ் அடுக்கைத் தாண்டித்தான் கூலருக்கு வர வேண்டும். அதனால்தான் வோல்டேஜையும் வேகத்தையும் குறைத்து, வெப்ப எல்லையையும் 95க்குப் பதில் 89 என்று வைத்தார்கள். முதன்முதலில் 2022இல் வந்த 5800எக்ஸ்3டியிலும் இதே கதைதான், எல்லை 90. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி கோர்களை மேலே கொண்டுவந்தார்கள். உடனே வேகம் 5.2, எல்லை 95, கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்டும் ஓவர்கிளாக்குக்கும் அனுமதி. வாடகைக்காரரை மாடிக்கு அனுப்பினால் தண்ணீர் வராது என்று தெரிந்ததும் இடத்தை மாற்றிக் கட்டின மாதிரி.

இத்தனைக்கும் பிறகு கேமில் 7800எக்ஸ்3டி இழுப்பது பெரும்பாலும் நூறு வாட்டுக்கும் நன்றாகக் கீழேதான். ஒற்றைக் கோபுர ஏர் கூலர், 120 எம்எம் ஃபேன் ஒன்று, தாராளம். வாட்டர் கூலர் என்று பெயர் இருந்தாலும் தண்ணீர் சூட்டை விழுங்குவதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போகிறது. கடைசியில் ரேடியேட்டரில் அதே அறைக் காற்றுதான் ஆற்ற வேண்டும். ஏர் கூலரில் போகக் கூடியது ஃபேன் மட்டும், போனால் மாற்றிவிடலாம். வாட்டர் கூலரில் பம்ப் போனால் மொத்தமும் போனது. மிச்சமாகும் காசைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி). 250 வாட், 300 வாட் பிராசஸர் வைத்து நாள் முழுக்க ரெண்டர் ஓட்டுகிறவர்களுக்கு வாட்டர் கூலர் நியாயமானது, அவர்கள் வேறு ஜாதகம்.

ஈரோடு

இன்டெல் கோர் ஐ9 14900கே பிராசஸர். போன வருடம் முழுக்க நன்றாக ஓடியது, இப்போது கேம் திறந்ததும் மூடிக்கொள்கிறது, கிராஃபிக்ஸ் மெமரி போதவில்லை என்று ஏதோ பிழை வேறு. சூடு காரணமா?

சூடு இல்லை, வோல்டேஜாக இருக்கக் கூடும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளடைவில் தங்களையே தேய்த்துக்கொள்கின்றன என்று 2024இல் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட், செப்டம்பரில் மைக்ரோகோட் (சிப்பின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வெளிவந்தன. மதர்போர்டு கம்பெனியின் பக்கத்தில் புதிய பயாஸ் இருக்கும், போடுங்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அது குணமாக்காது. பெட்டியோடு வாங்கிய சிப்புகளுக்கு வாரண்டியை மேலும் இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள், பில்லைத் தேடுங்கள்.

யாழ்ப்பாணம்

ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு ஒன்று பாவித்தது விலைக்கு வருகுது. மைனிங்குக்கு ஓடினதாம், விற்கிறவரே சொல்லிப்போட்டார். வாங்கலாமோ?

உண்மையைச் சொன்னாரே, அதற்கே பாதி மதிப்பெண். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டிக் காசு பார்க்கும் மைனிங் முறையையே கைவிட்டது, அப்புறம் உலகம் முழுக்க இப்படிக் கார்டுகள் சந்தைக்கு வந்து கொட்டின. மைனிங் கார்டு என்றதும் ஒதுக்க வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்கள் மின்சாரச் செலவைப் பார்த்து வோல்டேஜ் குறைத்துத்தான் ஓட்டினார்கள். நாள் முழுக்க ஒரே சூட்டில் ஓடுவது, ஆறிச் சுட்டு ஆறிச் சுடுவதைவிடச் சால்டருக்கு நல்லது. போயிருக்கக் கூடியவை ஃபேனும், மெமரிக்கு மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடும்தான். 3080இல் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, பிறவியிலேயே சூடானது, 110 டிகிரி வந்ததும் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அவர் வீட்டுக்கே போய் அரை மணி நேரம் கேமோ டெஸ்டோ ஓட்டச் சொல்லுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் மூன்று எண்ணைப் பாருங்கள்: கோர், ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே அதிகம் சுடும் இடம்), மெமரி. கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் பத்து, பதினைந்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். முப்பதைத் தொட்டால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது கூலர் சரியாக உட்காரவில்லை. புதுக் கார்டிலும் இது நடக்கும். ஏஎம்டியின் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டு வந்த புதிதில் ஹாட்ஸ்பாட் மட்டும் 110க்கு ஓடியது, கூலருக்குள் தண்ணீர் ஆவியாகிச் சூட்டைச் சுமக்கும் ஆவி அறையில் தண்ணீர் போதாமல் சில கார்டுகள் வந்துவிட்டன என்று 2023 ஜனவரியில் அவர்களே சொன்னார்கள். மெமரி 105, 110 என்று நின்றால் தெர்மல் பேட் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் உப்புக் காற்று வேறு, ஸ்க்ரூவிலும் பின் தகட்டிலும் துரு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கார்டு மட்டுமே 320 வாட் இழுக்கும், உங்களிடம் இருப்பது 500 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் அந்தச் செலவும் சேர்ந்தே வரும்.

திண்டுக்கல், பிளஸ் டூ மாணவர்

ஃபோனில் ஃப்ரீ ஃபயர் ஆடினால் இருபது நிமிடத்தில் கொதிக்கிறது, லேக் ஆகிறது. ஃப்ரிட்ஜில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் சரியாகிறது. வைக்கலாமா?

வைக்காதே. குளிர்ந்த ஃபோனை வெளியே எடுத்ததும் காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் பனியாக இறங்கும், வெளியே மட்டுமில்லை, உள்ளேயும். கூல்டிரிங்ஸ் பாட்டில் வியர்க்கிறதே, அதே.

ஃபோனுக்கு ஃபேன் கிடையாது, அதன் முதுகுதான் ஹீட்சிங்க், அதன் எதிரே இருப்பது உன் உள்ளங்கை. சிப் தாங்கினாலும் உன் கை தாங்காது என்பதால் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். இந்தக் குறைப்பை எப்படிச் செய்வது என்பதில் பெரிய கம்பெனிகளே மாட்டியிருக்கின்றன. 2022இல் சாம்சங் ஃபோன்கள் கேம்களில் வேகத்தைக் குறைத்துவிட்டு, வேகம் அளக்கும் செயலிகளில் மட்டும் முழு வேகம் காட்டுகின்றன என்று வெளிவந்து, அப்படிப்பட்ட செயலியான கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து கேலக்ஸி எஸ்10 முதல் எஸ்22 வரையான வரிசைகளையே நீக்கியது.

நீ செய்யக் கூடியது: பின் கவரைக் கழற்று, சார்ஜில் போட்டு ஆடாதே, பிரைட்னஸைக் குறை, ஃபேனுக்கு நேரே உட்கார். கிராஃபிக்ஸையும் எஃப்பிஎஸ்ஸையும் ஒரு படி இறக்கு. முதல் பத்து நிமிடம் 90, அப்புறம் 40 என்று திணறுவதைவிடக் கடைசி வரைக்கும் ஒரே 60 ஆடுவதற்கு நல்லது. பரீட்சை முடிந்துவிட்டதா?

தஞ்சாவூர்

என் பழைய கிராஃபிக்ஸ் கார்டு டிஸ்ப்ளே வரவில்லை. கேக் சுடும் அவனில் எட்டு நிமிடம் வைத்து எடுத்தால் உயிர் வருகிறது என்று வீடியோ பார்த்தேன்.

சில சமயம் வரும். சில நாளில் போகவும் செய்யும். ஈயம் இல்லாத சால்டர் உருக 217 டிகிரியைத் தாண்ட வேண்டும், வீட்டு அவனில் பலர் அதற்குக் கீழேயே வைத்து எடுக்கிறார்கள். எதுவும் உருகுவதில்லை, விரிசல் விட்ட இணைப்பு விரிந்து தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. 2005இல் வந்த அந்தக் கன்சோலில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் செத்துவிட்டது என்று பொருள். சூடாவதும் ஆறுவதுமாக இணைப்புகள் விரிசல் விட்டதுதான் காரணம். ஜனங்கள் அதைத் துண்டில் சுற்றி ஓட விட்டு, இன்னும் சூடாக்கி, இரண்டு நாள் உயிர் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் வாரண்டியை மூன்று வருடமாக்கி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் கார்டில் எதைச் செய்தாலும் சமையல் செய்கிற அவனில் செய்யாதீர்கள், அந்தப் புகை கேக்கில் ஏறும்.

நாகர்கோவில்

எல்லோருக்கும் அறிவுரை சொல்கிறீர்கள். நீங்கள் எதையாவது எரித்திருக்கிறீர்களா?

எரித்ததில்லை, எரிக்கப் பார்த்தேன். சொந்தமாக முதல் பிசி அசெம்பிள் செய்தபோது, போட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் தானே அணைந்துபோகும். திரும்பப் போட்டால் அதற்கும் முன்னால் அணையும். ராத்திரி முழுக்க எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவுகட்டி, விடிந்ததும் மொத்தத்தையும் ஆட்டோவில் ஏற்றி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் கொண்டுபோய், வாங்கின கடையில் டூப்ளிகேட் சாமான் கொடுத்துவிட்டீர்கள் என்று கத்தினேன். கடைப் பையன் ஒன்றும் பேசவில்லை. கூலரைக் கழற்றினான், அடியில் நகத்தால் சுரண்டினான், கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் உரிந்து வந்தது. பேஸ்ட்டை அந்த ஃபிலிம் மேலேயே தடவி இறுக்கியிருக்கிறேன். பையன் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். மாட்டுவதற்கு முன் உரிக்கவும் என்று சிவப்பில், கொட்டை எழுத்தில் இருந்தது.